வண்ணத் திரையில் நம் வண்ணம் எங்கே?

காணை என்பது ஊரின் பெயர். விழுப்புரத்தை அடுத்த ஒன்றியத் தலைமை ஊர். நெல்லும் கரும்பும் விளையும் நாட்டுப்புறம். அவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், 2006ஆம் ஆண்டு கலைஞர் அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தின் வழியே, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் குடிசைக்குள்ளும் நுழைந்தன. மேட்டுத் தெரு வீட்டுச் சன்னலருகே நின்று எட்டிப் பார்த்து, "போடா அப்பால்!" என்ற சொல் கேட்டுத் திரும்பிய பிள்ளை, தன் வீட்டுத் தரையிலே அமர்ந்து, தன் விரலாலே பொத்தானை அழுத்திப் படம் பார்த்தான். சிறிய செய்தியா அது? மின்கம்பி வழியே வந்த சமத்துவம் என்று நாம் மகிழ்ந்தோம், இன்றும் மகிழ்கிறோம்.

ஆனால், தோழர்களே! பெட்டி நம்முடையதாயிற்று, பெட்டிக்குள் இருந்தவர் நம்மவராக இல்லை. வண்ணத் தொலைக்காட்சி வந்தது, வண்ணங்களெல்லாம் வந்தன, நம் வண்ணம் மட்டும் வரவில்லை. வரவில்லை என்றுகூட முற்றிலும் சொல்வதற்கில்லை. வந்தது, போக்கிரியின் முகத்திலே வந்தது! காணையிலே பிறந்த குழந்தை திரையிலே காணாத முகம் ஒன்று உண்டென்றால், அது தன் முகமே.

குழந்தைகளும் பெற்றோரும் கூடியிருந்து காணும் கார்ட்டூன் படங்களைப் பற்றித்தான் கூறுகிறோம். "கோயில் நுழைவும் கலப்பு மணமும் இடஒதுக்கீடும் பேசிய ஏடு, பொம்மைப் படத்தைப் பற்றிப் பேச இறங்கிவிட்டதா?" என்று நண்பர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். பொம்மை சிறு பொருளன்று என்பதை அமெரிக்க நாட்டு உச்சநீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

1940களில் அந்நாட்டிலே கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளநூல் அறிஞர் இணையர் ஓர் ஆய்வு நடத்தினர். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளின் முன்னே பொம்மைகளை வைத்தனர். எல்லாம் ஒரே அச்சு. தோலின் நிறம் மட்டும் வேறு. நல்ல பொம்மை எது, கெட்ட பொம்மை எது என்று கேட்டனர். பெரும்பாலான பிஞ்சுகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்று எடுத்தன; கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்று சுட்டின. பிறகு, உன்னைப் போன்ற பொம்மை எது என்று கேட்டபோது, சில குழந்தைகள் அழுதன; சில அறையை விட்டே ஓடின. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954இல் வழங்கப்பட்ட தீர்ப்பின் அடிக்குறிப்பிலே கிளார்க்கின் எழுத்தும் இடம்பெற்றது. ஒரு பொம்மை ஒரு குழந்தையின் நெஞ்சிலே என்ன செய்யும் என்பது நீதிமன்றம் ஏறிய உண்மை.

அங்கே பொம்மை பேசாது, அசையாது. இங்கே, நம் வீட்டுக் கூடத்திலே, பொம்மை பேசுகிறது, ஓடுகிறது, உதைக்கிறது, வெல்கிறது. அதுவும் தமிழிலே பேசுகிறது!

2008ஆம் ஆண்டு தொடங்கி இந்நாட்டுக் குழந்தைகளையெல்லாம் ஆட்கொண்ட சோட்டா பீமை எடுத்துக்கொள்வோம். ஐதராபாத்திலே உருவான தொடர். 2012இல் திரையரங்குப் படமாகவும் வந்தது. டோலக்பூர் என்றோர் ஊர். வீரன் பீம், சிவந்த மேனி, லட்டு தின்றால் மலையைப் புரட்டும் வலிமை. அவனுக்கு எதிராக நிற்பவன், பொறாமை பிடித்தவன், தடித்தவன், பந்தயம்தோறும் மண்ணைக் கவ்வுபவன் ஒருவன் வேண்டுமல்லவா? இருக்கிறான். அவன் மற்றவரைவிடக் கருத்தவன். பெயர் என்ன தெரியுமா? காலியா! இந்தியிலே ‘காலா’ என்றால் கறுப்பு. காலியா என்றால் கறுப்பன். இந்தி அறியாத நம் வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பெயரின் பொருள் விளங்காது. படத்தின் பொருள் நன்றாகவே விளங்கும். பள்ளிக்கூடத்திலே கருத்துத் தடித்த ஒரு பிள்ளைக்குக் ‘காலியா’ என்ற பட்டம் சூட்ட எத்தனை நிமிடம் ஆகும்? அந்தப் பிள்ளை அன்று மாலை வீடு திரும்பி, யாரிடம் என்ன முறையிடும்? "அப்பா, எனக்கு ஏன் இந்த நிறம்?" என்று கேட்டால், வெயிலிலே கரும்பு வெட்டிக் கருத்த அந்தத் தந்தை என்ன விடை சொல்வான்?

அந்தக் கூட்டத்திலே ஒரு சிறுமியும் உண்டு. சுட்கி என்பது பெயர். வெளுத்த முகம், கன்னத்திலே இளஞ்சிவப்பு வட்டம். அவளுக்கும் ஓரிரு வீரச் செயல்கள் தருகிறார்கள், மறுக்கவில்லை; ஆயினும் லட்டு எடுத்துக் கொடுக்கும் கைக்குத்தான் பெரும்பாலும் வேலை.

"ஏதோ தற்செயலாக அமைந்தது, அதைப் போய்ப் பெரிதுபடுத்தலாமா?" என்பார் இருக்கின்றனர். இங்கேதான் நாம் அழுத்தமாகக் கூற வேண்டியிருக்கிறது. நடிகர் நடிக்கும் படத்திலே தற்செயல் உண்டு. கிடைத்த நடிகர், விழுந்த ஒளி, அன்றைய வானிலை என்று சாக்குச் சொல்ல இடமிருக்கிறது. சித்திரப் படத்திலே தற்செயல் என்பதே கிடையாது! ஒரு புல் அசைவதும் ஒருவர் முடிவு செய்து வரைந்ததால்தான். கருவிழி, மூக்கின் வளைவு, முடியின் சுருள், தோலின் நிறம் எல்லாம் எவரோ ஒருவர் நாற்காலியிலே அமர்ந்து, நூற்றுக்கணக்கான வண்ணங்களிலிருந்து பொறுக்கி எடுத்துப் பூசியவை. வீரனுக்கு இது, போக்கிரிக்கு இது என்று அவர் கை தேர்ந்தெடுத்தது. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு மூளை. அந்த மூளைக்குப் பின்னால் வருணம் என்ற சொல்லுக்கு நிறம் என்றும் சாதி என்றும் இரு பொருளைச் சேர்த்தே வைத்திருக்கும் பழம்பெரும் பண்பாடு! அந்தக் கலைஞர் நல்லவராயிருக்கலாம், குழந்தைகளை நேசிப்பவராயிருக்கலாம். அதனாலென்ன? நஞ்சென்று அறியாமல் நஞ்சைப் பரிமாறினாலும் உண்டவன் துடிப்பான்.

இதைவிட வேடிக்கை கண்ணன் கதை. கிருஷ்ணன் என்ற வடசொல்லுக்கே கருப்பன் என்பதுதான் பொருள். கரியவன் என்றும் கார்மேக வண்ணன் என்றும் உருகி உருகிப் பாடினார்கள். பாடியவர்கள் வரைய வந்தபோது என்ன செய்தார்கள்? நீலம் பூசினார்கள்! நாள்காட்டியிலே நீலம், கார்ட்டூனிலே வானத்து நீலம், வழவழக்கும் நீலம். உலகிலே எந்தத் தாயும் பெற்றெடுக்காத நிறம்! கடவுளே ஆனாலும் கறுப்பாக இருந்தால் வீட்டுக்குள் விடமாட்டோம் என்று பக்தர்களே முடிவு செய்துவிட்ட பிறகு, காணைக் குடியானவன் பிள்ளைக்கு எங்கே இடம்?

நிறத்தோடு முடியவில்லை செய்தி. 2025 சூலை 25 அன்று ‘மகாவதார் நரசிம்மா’ என்ற சித்திரப் படம் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளிவந்தது. 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. இந்நாட்டுச் சித்திரப் படங்களில் அதுவரை எதுவும் ஈட்டாத தொகை. குடும்பம் குடும்பமாகச் சென்றனர். இரணியன் மலைபோல் நிற்கிறான், மிரட்டுகிறான். பிள்ளை பிரகலாதனோ பால்வடியும் முகம், பெரிய கண்கள். இறுதியில் தூண் பிளக்கிறது, சிங்கம் வருகிறது, குடல் சரிகிறது. கொட்டகையிலே கைத்தட்டல், மடியிலே அமர்ந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளையும் தட்டுகிறது.

யாரைக் கொன்றதற்காகத் தட்டுகிறாய் என்று அந்தக் குழந்தையைக் கேட்க வேண்டாம், அது அறியாது. அழைத்துச் சென்ற அண்ணனைக் கேட்போம். தம்பி! இந்த இரணியனை உனக்கு முன்பே தெரியாதா? 1934இல் புரட்சிக்கவிஞர் பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ சுயமரியாதை மேடையிலே அரங்கேறியதே! எந்த ஆதிக்கத்துக்கும் தலைவணங்காத மன்னன், சூழ்ச்சிக்கு இரையாகி வீழ்ந்த கதையாக அதை நம் பாட்டன்மார் கண்டனரே! புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வெளிவந்து, 1948இல் தடை செய்யப்பட்டு, 1971இல்தான் விடுதலை பெற்றது. நம் பேனா கதையின் மறுபக்கத்தை எழுதினால் தடை. அவர்கள் தூரிகை பழைய பக்கத்தையே மீண்டும் பளபளப்பாகத் தீட்டினால் பாராட்டு, பரிசு, பணமழை!

இரண்டு கதையில் எது உண்மை என்பதன்று வாதம். இரண்டுமே கதைதான். பகுத்தறிவாளனுக்குத் தூணிலிருந்து சிங்கமும் வராது, துரும்பிலிருந்து கடவுளும் வராது. ஆனால், கதை யார் கண் வழியே சொல்லப்படுகிறது, யாருடைய சாவுக்குக் குழந்தை கைத்தட்டப் பழக்கப்படுகிறது என்பது உண்மையான வினா. சோற்றைப் போல், சம்பளத்தைப் போல் உண்மையான வினா.

நம் நாட்டுப்புறக் கூத்திலேகூட இவ்வளவு கல்நெஞ்சம் இல்லை. விழுப்புரம் வட்டாரத்திலே பதினெட்டாம் போர் நாளிலே துரியோதனனை மண்ணாலே நீட்டிப் படுக்க வைக்கிறார்கள், படுகளம் என்கிறார்கள். வில்லன் சாகிறான், சரி. ஆனால் அவன் மேடைக்கு வரும்போது எப்படி வருவான்? உயர்ந்த கிரீடமும் தோள்கட்டையும் ஒளிவீச, திரை விலக, ஊரே நிமிர்ந்து உட்கார வருவான். அவன் மாண்ட பிறகு அவன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைப்பாள். களத்தைச் சுற்றி நிற்கும் பெண்கள் விம்முவார்கள். தோற்றவனுக்கும் ஒரு மனைவி உண்டு, அவளுக்கும் கண்ணீர் உண்டு என்று எழுத்தறியாத கூத்தாடி காட்டினான். கணினி கற்றவர் அதை மறந்தனர்.

கூத்தைப் புகழ்ந்துவிட்டோம் என்று அவசரப்பட்டு எவரும் மகிழ வேண்டா. அதே கூத்து நடக்கும் திரௌபதி அம்மன் கோயில் வாயிலிலே யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற கொடுமையையும் இம்மாவட்டம் கண்டிருக்கிறது. மேல்பாதி ஊரின் கோயிலிலே ஆதித்திராவிடர் நுழையத் தடை எழுந்து, 2023 சூனில் அரசே கதவைப் பூட்டி முத்திரையிட நேர்ந்தது. ஆகவே, பழையதெல்லாம் பொன் என்று நாம் சொல்லவில்லை. பழையதிலும் காணக் கிடைத்த ஒரு துளி மனிதத்தன்மை, புதியதிலே துடைக்கப்பட்டுவிட்டது என்றே சொல்கிறோம்.

அந்த நரசிம்மப் படத்தார் ஏழு படங்களுக்குத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். இரண்டாண்டுக்கு ஒன்று; 2027இல் பரசுராமன், பிறகு இராமன், கண்ணன், கடைசியில் 2037இல் கல்கி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025இல் மடியிலே அமர்ந்து கைத்தட்டிய ஐந்து வயதுக் குழந்தை, இவை முடியும்போது பதினேழு வயது இளைஞன். அடுத்த ஆண்டு வாக்காளன்! பன்னிரண்டு ஆண்டுக்குப் பாடத்திட்டம் வகுத்திருக்கிறார்கள் அவர்கள். திறமையாகத்தான் வகுத்திருக்கிறார்கள். நம்மிடம் அடுத்த மாதத்துக்குத் திட்டம் உண்டா?

"கேட்டால் மட்டும் மாறிவிடுமா?" என்று சோர்வுடையார் கேட்பர். மாறியிருக்கிறது. 1992இல் வந்த ‘அலாதீன்’ படத்தின் தொடக்கப் பாடலிலே அரபு நாட்டைக் காதறுக்கும் காட்டுமிராண்டி நாடாக இழிவுபடுத்தும் அடிகள் இருந்தன. அமெரிக்காவில் வாழும் அரபு மக்களின் அமைப்பு கண்டித்தது. 1993இல் வீட்டுக் காட்சிக்கு வந்தபோது காதறுக்கும் அடிகள் மாற்றப்பட்டிருந்தன. கறுப்பினத்தாரை இழிவாக வரைந்த பதினொரு கார்ட்டூன்கள் 1968இலேயே தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து ஒதுக்கப்பட்டன. வண்ணக்குச்சி செய்யும் கிரேயோலா நிறுவனம், வெள்ளையர் தோல் நிறத்துக்குச் ‘சதை’ என்று இட்டிருந்த பெயரை 1962இல் ‘பீச்’ பழத்தின் பெயராக மாற்றியது. நம் ஊரிலோ இன்றும் அந்த இளஞ்சிவப்புக் குச்சியை ‘ஸ்கின் கலர்’ என்றுதான் பிள்ளைகள் கேட்டு வாங்குகிறார்கள்! யாருடைய ஸ்கின், கண்ணே?

மாற்றம் முழுமையானது என்று ஏமாற மாட்டோம். டிஸ்னி நிறுவனம் 1937இல் முதல் முழுநீளப் படத்துக்கு எடுத்துக்கொண்ட இளவரசியின் பெயரே பனிவெள்ளை. கறுப்பின இளவரசி ஒருத்தி வர 72 ஆண்டுகள் ஆயின. 2009இல் வந்தாள் தியானா. வந்தவளைப் படத்தின் பெரும்பகுதியில் தவளையாக்கி விட்டார்கள்! பச்சை நிறம் கொடுத்தாலும் கொடுப்போம், கறுப்பை நெடுநேரம் காட்டமாட்டோம் என்பது போல.

ஆனால் டோராவை மறக்க முடியுமா? சுட்டி டி.வி.யிலே ‘டோராவின் பயணங்கள்’ என்று தமிழ் பேசி வந்தாளே அந்தச் சிறுமி! மாநிறம், குட்டைக் கூந்தல், முதுகிலே பை, துணைக்குப் புஜ்ஜி என்ற குரங்கு, வழிகாட்ட வரைபடம். அவள் எந்த இளவரசனுக்கும் காத்திருக்கவில்லை. எவனுக்கும் லட்டு எடுத்துக் கொடுக்கவில்லை. ஆற்றைக் கடந்தாள், மலையைக் கடந்தாள். பார்த்திருக்கும் குழந்தையிடம் வழி கேட்டாள். விடை வரும்வரை பொறுத்து நின்றாள். நம் சிற்றூர்ப் பெண் குழந்தைகள் திரையை நோக்கி உரக்க விடை கூறினர். டோரா படம் போட்ட பையை வாங்கித் தரச்சொல்லி அடம்பிடித்தனர். ஏன்? அவள் அடுத்த தெருப் பெண்ணைப் போலிருந்தாள்! அவள் பிறந்ததோ அமெரிக்கத் தொலைக்காட்சியிலே, 2000ஆம் ஆண்டில். அங்கு வாழும் இலத்தீன் அமெரிக்க மக்கள் திரையிலே தென்படுவதே இல்லை என்ற குறையை ஓர் ஆய்வரங்கிலே கேட்டறிந்த நிறுவனத்தார், திட்டமிட்டே அவளை அம்மக்களின் பெண்ணாக அமைத்தனர். ஏழு கடலுக்கு அப்பால் எவரோ தம் மக்களுக்காக எழுப்பிய குரல், திண்டிவனத்துச் சிறுமிக்கு ஒரு தோழியைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் குரலை நாம் ஏன் எழுப்பவில்லை?

கைத்திறன் இல்லையா நமக்கு? இந்தியாவின் முதல் முப்பரிமாண முழுநீளச் சித்திரப் படம் சென்னையிலே, பென்டாமீடியா நிறுவனத்திலே, 2000ஆம் ஆண்டு உருவானது. எதைப் பற்றி? பாண்டவரைப் பற்றி! எந்த மொழியிலே? ஆங்கிலத்திலே! 2007இல் ‘இனிமே நாங்கதான்’ என்று இளையராஜா இசையிலே தமிழ்ச் சித்திரப் படம் ஒன்று வந்தது. பெயரிலே இருந்த உறுதி பிறகு வந்த ஆண்டுகளிலே காணப்படவில்லை. தரமணியிலே அரசின் பயிற்சி நிறுவனத்திலே இக்கலை கற்பிக்கப்படுகிறது. கற்றவர் பிறர் கதைக்கு நிறம் பூசும் கூலியராகிப் போவதா?

நம் முதுகையும் சற்றே திரும்பிப் பார்ப்போம், அதிலும் அழுக்குண்டு. மேடையிலே திராவிடம் முழங்கிய காலத்திலும், நம்மவர் எடுத்த படங்களிலே கதாநாயகியின் முகத்துக்கு மாவு பூசாமல் விட்டோமா? வசனம் இடி, முகமோ ரோசா! மணமகள் தேடும் விளம்பரத்திலே ‘சிவந்த நிறம்’ கேட்பவருள் கருப்புச் சட்டைக்காரர் வீடுகளே இல்லை என்று நெஞ்சிலே கைவைத்துச் சொல்ல முடியுமா? கருப்பைக் கொடியிலே ஏற்றினோம். தொட்டிலிலே ஏற்றத் தயங்கினோம். டோலக்பூர்க்காரரைக் குறை கூறுமுன் இதை ஒப்புக்கொள்வதே நாணயம்.

கதைக்குப் பஞ்சமா? இதே விழுப்புரம் மாவட்டத்திலே திருவக்கரை இருக்கிறது. கல்லாகிவிட்ட மரங்கள் அங்கே கிடக்கின்றன; 2 கோடி ஆண்டுப் பழமை என்று புவியியல் அறிஞர் கணித்திருக்கின்றனர். அவற்றை அசுரரின் எலும்பு என்று கதை கட்டியோரும் உண்டு. ஓர் இருளர் குடியிருப்புச் சிறுமி, பாம்பின் தடமும் மண்ணின் மணமும் அறிந்தவள், கருத்தவள். "இது எலும்பன்று, மரம்!" என்று வளையத்தைத் தொட்டுக் காட்டி ஊர்ப் பெரியவரை வாயடைக்கச் செய்கிறாள். மரக்காணத்து உப்பளத்திலே வெண்குன்றுகளுக்கிடையே அவளுக்கு ஒரு தோழன். இந்தப் படத்தைக் காணக் காசு கொடுக்கமாட்டார்களா நம் மக்கள்? முதலில் எவராவது வரைந்து காட்டட்டும்!

வரைவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதற்குக் கோடி ரூபாய் வேண்டா. காணைத் தோழர்கள் வரும் விடுமுறை நாளிலே படிப்பகத் திண்ணையிலே இருபது பிள்ளைகளைக் கூட்டுங்கள். மேட்டுத் தெருவும் சேரியும் கலந்தே அமரட்டும். ஆளுக்கொரு வெள்ளைத்தாள், நடுவிலே வண்ணக்குச்சிப் பெட்டி. "உன்னை நீயே வரைந்து காட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். எந்தக் குச்சி தேய்கிறது, எந்தக் குச்சி முனை மழுங்காமல் கிடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்களைப் பிள்ளைகளின் ஒப்புதலோடு நமக்கு அனுப்புங்கள். ஒரு கோடும் திருத்தாமல் அச்சிடுகிறோம்.